ஒகேனக்கல் பஸ்ஸில் பத்துச் சீட்டு

இந்த முறை ஜீவா என்னிடம் மன்னிப்புக் கேட்டே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். நாற்பத்தொரு பேர் முன்னால். ஓடுகிற பஸ்ஸில். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காமலே.

ஜீவா என் கூடப் பிறந்த தம்பி. என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். நான் வேலப்பன்சாவடியில் இருக்கிறேன், அவன் மாங்காட்டில் இருக்கிறான். நடுவில் ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை நாங்கள் இரண்டு பேரும் நான்கு வருஷமாகக் கடக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாங்காட்டு அம்மனைப் பார்க்கப் போனால்கூட அவன் தெருவை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டுதான் போவேன். கோவிலுக்குள் சுற்றுகிற மூன்று சுற்றைவிட அது பெரிய சுற்று.

சண்டைக்குக் காரணம் கேரம் போர்டு. சிரிக்காதீர்கள். காணும் பொங்கலன்று எங்கள் வீட்டில் ஆட்டம். நானும் ஜீவாவும் எதிரெதிரே. இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி. சிவப்புக் காயைப் போட்டால் ஆட்டம் முடிந்தது. அது குழிக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நான் போர்டுக்குப் பவுடர் போட்டேன். பவுடர் போட்டு முடித்தபோது காய் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நான் காயைத் தள்ளிவிட்டேன் என்று ஜீவா சொந்தக்காரர்கள் மத்தியில் சொன்னான். என்னைச் சந்தேகப்படுகிறவன் என் வாசற்படியை மிதிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன்தான்.

நான் தள்ளினேனா இல்லையா என்பதா பிரச்சினை? அப்பாவின் இடத்தில் இருக்கிற அண்ணனைப் பார்த்துப் பத்துப் பேர் நடுவில் அப்படிச் சொல்லலாமா என்பதுதான் பிரச்சினை. நான்கு வருஷமாக இதே பதிலைத்தான் சொல்லி வருகிறேன். கேட்டவர்கள் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. என் மனைவி கன்னியம்மா முதல் முறையே கேட்கவில்லை. அன்றைக்கு அவள் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள்.

மே மாசம் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களுமாகச் சேர்ந்து ஒகேனக்கல் போவதென்று முடிவானது. ஏற்பாடெல்லாம் கன்னியம்மா. பூந்தமல்லியிலிருந்து ஒரு பஸ். வருகிறவர்கள் பட்டியலை என் மகள் பானுப்பிரியா வாட்ஸப்பில் போட்டபோது பதினேழாம் எண்ணில் ஜீவா, பதினெட்டில் அவன் மனைவி சுரேகா, பத்தொன்பதில் அவர்கள் மகள் காவ்யா என்று இருந்தது. நான் வரவில்லை என்று சொன்னேன். சரி மாமா என்று கன்னியம்மா சொல்லிவிட்டாள். அவள் கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு, மேற்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அடுத்த நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. அங்கே நான் ஷிப்ட் சூப்பர்வைசர். மெஷினில் டை என்கிற அச்சைப் பொருத்திவிட்டால் உள்ளே எந்தத் தகட்டைத் தள்ளினாலும் ஒரே வடிவத்தில்தான் வெளியே வரும். பஸ்ஸிலும் அப்படி ஒன்றைப் பொருத்தினால் என்ன?

எட்டு மணி நேரப் பயணத்துக்கு விளையாட்டெல்லாம் நானே நடத்துகிறேன் என்று வாட்ஸப்பில் எழுதினேன். பஸ் ஏறினால், பூந்தமல்லிக்கு அடுத்த நசரத்பேட்டை தாண்டுவதற்குள் குறட்டை விடுகிற ஆசாமி நான். எல்லோருக்கும் ஆச்சரியம். என் பெரியம்மா மகன் ஒருவன் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்பினான்.

திட்டம் இதுதான். பாட்டு ஓடும், பிஸ்கெட் டப்பா கைமாறிக்கொண்டே போகும். பாட்டு நிற்கும்போது டப்பா யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு சீட்டை எடுத்து, அதில் இருப்பதைச் செய்ய வேண்டும். முதல் சுற்றுக்கு வேடிக்கைச் சீட்டுகள். பாடு, ஆடு, மாமியார் மாதிரிப் பேசு. இரண்டாம் சுற்றுக்கு வேறு பத்துச் சீட்டு. பத்திலும் ஒரே வாசகம். எந்தச் சீட்டை எடுத்தாலும் மன்னிப்புத்தான். பாட்டு என் போனில். நிறுத்துவதும் நான்.

முந்தின நாள் சாயந்திரம் கன்னியம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி எழுதச் சொன்னேன். என் கையெழுத்தை ஜீவா கண்டுபிடித்துவிடுவானே. நான் சொல்லச் சொல்ல அவள் முதல் சீட்டை எழுதிக் காட்டினாள்: 'இந்த பஸ்ஸில் நீங்கள் யாரிடம் தப்பாக நடந்துகொண்டீர்களோ, அவரிடம் எழுந்து போய் எல்லோருக்கும் கேட்கும்படி மன்னிப்புக் கேட்கவும்.' எழுத்து முத்து முத்தாக இருந்தது. இதேபோல் இன்னும் ஒன்பது என்றேன். சரி மாமா என்றாள். நன்றாக மடிக்க வேண்டும் என்றேன். சரி மாமா என்றாள். ஜீவாவின் மனைவியிடம் உளறிவிடாதே என்றேன். அதற்கும் சரி மாமா என்றாள்.

இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் கன்னியம்மா ஒரே மூச்சில் மூன்று தடவை சரி சொன்னது அதுதான் முதல் முறை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் திருப்தியாக டீ குடித்தேன்.

காலை ஐந்தரைக்கு பஸ் கிளம்பியது. நானும் கன்னியம்மாவும் முதல் வரிசை. ஜீவா குடும்பம் ஐந்தாம் வரிசை. ஏறும்போது அவன் என்னைப் பார்த்தான். நான் டிரைவரைப் பார்த்தேன். டிரைவருக்கு மேலே பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது. பஸ் முழுக்க அதில் தெரிந்தது. எனக்கு அதுதான் வேண்டும்.

வெளிச்சம் வந்ததும் முதல் ஆட்டம். வலது பக்கத்து ஆட்கள் ஒரு கட்சி, இடது பக்கத்து ஆட்கள் ஒரு கட்சி. வெளி மாநில லாரியைப் பார்த்தால் ஒரு புள்ளி. ஐந்து நிமிஷத்தில் வலது பக்கத்துக்கு இருபது புள்ளி, இடது பக்கத்துக்கு முட்டை. லாரியெல்லாம் வலது பக்கமாகவே போனால் நாங்கள் என்ன செய்வது என்று இடது கட்சி சண்டைக்கு வந்தது. பானுப்பிரியா தலையிட்டு, இடது கட்சிக்கு லாரிக்குப் பதிலாகக் காலேஜ் என்று மாற்றினாள். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் இடது கட்சி ஜெயித்துவிட்டது. வலது கட்சியில் இருந்த ஜீவா சிரித்தபடி கையைத் தட்டினான். தோற்றதற்கு அவன் கைதட்டியதைக் கண்ணாடியில் பார்த்தேன். மனசுக்குள் ஒரு மாதிரி இருந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டேன்.

அடுத்தது காதில் சொல்லி அனுப்புகிற ஆட்டம். முன் சீட்டில் நான் ஆரம்பித்தேன். 'ஆம்பூர்ல பிரியாணி சாப்பிடலாம்.' அது ஒவ்வொரு காதாகப் போய்க் கடைசி வரிசையில் கெங்கம்மாள் அத்தையிடம் சேர்ந்தது. அத்தைக்கு இடது காது கொஞ்சம் மந்தம். அந்தக் காதில்தான் சொன்னார்கள். அவர் எழுந்து நின்று, ஆம்பூரில் பிரியா நீ சாப்பிடலாம் என்று செய்தி வந்திருக்கிறது, அவள் ஒருத்தி மட்டும் சாப்பிட்டால் மற்றவர்களெல்லாம் பட்டினியா, இது என்ன நியாயம் என்று கேட்டார். பஸ் குலுங்கியது. டிரைவர் வண்டியை ஓரம்கட்டிச் சிரித்துவிட்டு மறுபடி எடுத்தார்.

வேலூரில் இட்லி, ஆம்பூரில் எல்லோருக்குமே பிரியாணி. வாணியம்பாடி தாண்டியதும் டப்பாவை எடுத்தேன்.

முதல் சுற்று அமர்க்களம். எங்கள் எதிர்வீட்டு பிரசன்னாவுக்கு மாமியார் மாதிரிப் பேசு என்கிற சீட்டு வந்தது. அவன் மாமியார் அடுத்த சீட்டில் இருந்தார். ஐந்து நிமிஷம் அவன் பேசவே இல்லை. அவர் ஒரு பார்வை பார்த்தார், அதையே அவன் திருப்பிப் பார்த்தான். பஸ்ஸே கைதட்டியது. அந்தச் சத்தத்தில் நான் பழைய சீட்டையெல்லாம் பைக்குள் கொட்டிவிட்டு, கன்னியம்மா கொடுத்த பத்துச் சீட்டை டப்பாவில் போட்டேன். பாட்டை ஆரம்பித்தேன்.

டப்பா பின்னாலிருந்து வந்தது. எட்டாம் வரிசை. ஏழு. ஆறு. நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுரேகா டப்பாவை வாங்கி ஜீவா கையில் வைத்தாள். நிறுத்தினேன்.

அவன் ஒரு சீட்டை எடுத்தான். பிரித்தான். படித்தான். சத்தமாகப் படிக்கச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். நான் முகத்தைப் பெருந்தன்மையாக வைத்துக்கொண்டேன். மன்னிக்கும்போது எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வாரமாகப் பழகி வைத்த முகம்.

ஜீவா படித்தான்: "இந்த பஸ்ஸில் நீங்கள் யாருக்கு நன்றி சொல்ல மறந்தீர்களோ, அவருக்கு எல்லோருக்கும் கேட்கும்படி நன்றி சொல்லவும்."

என் முகம் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றது. திரும்பிக் கன்னியம்மாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜீவா எழுந்து நின்று மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு என் பெயரைச் சொல்லாமல் அண்ணன் என்று ஆரம்பித்தான்.

பத்தொன்பது வயதில் அவனை எங்கள் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டிருந்தேன். முதல் வாரத்தில் டையைத் தப்பாகப் பொருத்திவிட்டான். மெஷினைத் தட்டியதும் தகட்டைக் குத்துகிற பஞ்ச் உடைந்து, ஒரு துண்டு மேனேஜர் தலைக்கு மேலே பறந்தது. பொருத்தியது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்று சொன்னேன். புதுப் பையனை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள், எனக்கென்றால் பதினைந்து நாள் சஸ்பெண்ட், அவ்வளவுதான். இதை ஜீவா பஸ்ஸில் ஒன்று விடாமல் சொன்னான்.

அத்தோடு விட்டானா? பதினைந்து நாளும் நான் வீட்டில் சொல்லாமல் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, அம்பத்தூர் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்துக்குத் திரும்பியதையும் சொன்னான். பத்தாம் நாள் சைக்கிளில் அந்தப் பக்கமாக வந்தபோது, நான் தனியாக உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தானாம். கிட்டே வரத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டானாம். அவன் அன்றைக்கு என்னைப் பார்த்தது எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது.

கன்னியம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள். இதை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை.

"பதினஞ்சு நாளும் டிபன் கட்டிக் குட்த்தேனே மாமா," என்றாள். "ஒரு நாள்கூட வாயத் தொறக்கல நீ." கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜீவா இன்னும் உட்காரவில்லை. "நா செஞ்ச தப்ப தாந்தான் செஞ்சேன்னு சொன்ன மனுசன் எங்கண்ணன். அத்த எத்தினி தபா பொறந்தாலும் நா மறக்க மாட்டேன். ரொம்ப நன்றிண்ணே."

யாரும் கைதட்டவில்லை. பின் சீட்டில் யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது. என்ன மனுஷன் நான். ஒரு காயைத் தள்ளிவிட்டு, தள்ளவில்லை என்று சாதித்து, நான்கு வருஷமாக இவனைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஆமாம், தள்ளினேன். சுண்டு விரலால். உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

அடுத்து என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் சுரேகா எழுந்து முன்னால் வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். மாமாவே பாட்டை நிறுத்திக்கொண்டிருந்தால் மாமா கைக்கு டப்பா எப்போதுதான் வருவது என்று கேட்டு என் போனை வாங்கிக்கொண்டாள். எல்லோரும் அதானே என்றார்கள். என் மகள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

பாட்டு ஓடியது. டப்பா கன்னியம்மாவிடம் வந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானை அதன் மேல் விழுந்தது. பிறகு என் கையில் கொடுத்தாள். பாட்டு நின்றது.

டப்பாவுக்குள் கையை விட்டேன். தடவிப் பார்த்தேன். பத்துச் சீட்டில் ஜீவா ஒன்றை எடுத்தால் மிச்சம் ஒன்பது இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிரித்தேன். முத்து முத்தான எழுத்து. 'இந்த பஸ்ஸில் நீங்கள் யாரிடம் தப்பாக நடந்துகொண்டீர்களோ...'

வாசகம் என்னுடையது. ஒரு எழுத்து மாறவில்லை.

நாற்பத்தொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். நான் எழுந்தேன். முதல் வரிசையிலிருந்து ஐந்தாம் வரிசைக்கு நான்கே எட்டு வைத்தால் போதும். வளைவில் பஸ் ஆடியது. ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு போனேன். வழியில் நின்று திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. பிரசன்னாவின் மாமியார் என் முதுகில் கையை வைத்து, போப்பா என்று மெதுவாகத் தள்ளினார்.

"ஜீவா," என்றேன். "அன்னிக்கு காயத் தள்ளுனது நாந்தான்டா. ஒன்ன பொய்யன் ஆக்கிட்டேன். மன்னிச்சிக்கோ."

"தெரியும்ணே," என்றான் ஜீவா. அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு பக்கத்தில் இருந்த மகளை எழுப்பிப் பெரியம்மாவிடம் போய் உட்காரச் சொன்னான். "உக்காருண்ணே. இந்த ஆளு டபக்குனு பிரேக் போடுவாரு."

உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அந்தாட்சரி நடந்தது, நம்பர் சீட்டு விளையாட்டு நடந்தது, யார் நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம். காவ்யா ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாளாம். நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஒன்பது வயசுதான். ஜீவாவுக்குச் சர்க்கரை வந்திருந்தது. எனக்கும் வந்திருந்தது. ஒரே மாத்திரை. கிருஷ்ணகிரி தாண்டும்போது அவன் இன்னொன்று சொன்னான். இப்போது அவன் வேலை பார்க்கிற கம்பெனியில் அவனைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த மாசம் குடும்பத்தோடு கிளம்புகிறான். குறைந்தது ஐந்து வருஷமாவது அங்கேதான் இருக்க வேண்டுமாம்.

இந்த பஸ் இல்லையென்றால் அவன் போயே போயிருப்பான். யார் மூலமாகவோ எனக்குத் தெரிய வந்திருக்கும். நானும் அதே வீம்போடு, போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு, எஸ்டேட்டில் மெஷின் பக்கத்தில் நின்றிருப்பேன். கன்னியம்மாவுக்கு இந்தப் புனே விஷயம் எப்போது தெரியும் என்று சுரேகாவைக் கேட்டேன். மார்ச்சிலேயே தெரியுமாம். நான்கு வருஷத்தில் ஒரு நாள் தவறாமல் இருவரும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். ஒகேனக்கல் போகலாம் என்று முடிவு செய்ததும் இந்த இருவர்தான்.

மத்தியானம் ஒகேனக்கல் போய்ச் சேர்ந்தோம். அருவியில் நின்றோம். நானும் ஜீவாவும் ஒரே பரிசலில் போனோம். பரிசல் சுற்றியபோது அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான், சின்ன வயசில் பிடித்துக்கொள்கிற மாதிரியே.

கரைக்கு வந்ததும் கன்னியம்மாவைத் தேடிப் போனேன். ஆற்றோரம் ஒரு பாறையில் உட்கார்ந்து வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் நன்றி சொல்கிற பழக்கம் கிடையாது. உப்பு சரியாக இருந்தால் இரண்டாவது தடவை சாதம் வாங்குவோம், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு எனக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. நீ மட்டும் இல்லையென்றால் என் தம்பி எனக்கு இல்லாமல் போயிருப்பான், இந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன் என்று, கொஞ்சம் திக்கித் திக்கித்தான், சொல்லி முடித்தேன்.

அவள் முள்ளை எடுத்துவிட்டு ஒரு துண்டு மீனை என் கையில் வைத்தாள்.

"நா இன்னா மாமா பண்ணேன்? சீட்ட மாத்துனேன், அவ்ளோதான். டப்பா கரீட்டா அவன் கைக்கு வரப்ப பாட்ட நிறுத்துனது நீதானே."